பன்னிரண்டரை மில்லிலீற்றர்

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றில், ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் வன்மை குடிநீர்த் தரத்துக்குள் அடங்குகிறதா என்று அறிய 50 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். அதைக் கூம்புக் குடுவையில் எடுத்து, மேலே அளவியில் 0.01 மோலர் செறிவுள்ள ஈ.டீ.ரீ.ஏ. கரைசலை நிரப்பித் துளித்துளியாக விட வேண்டும். 12.5 மில்லிலீற்றர் இறங்குவதற்குள் குடுவையின் செந்நிறம் நீலமாகிவிட்டால் தண்ணீர் தரத்துக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியும் செந்நிறமே நின்றால் தாண்டிவிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 614 குடிநீர்த் தரம், மொத்த வன்மை ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது. அந்த 250 தான் அளவியில் 12.5 ஆகத் தெரிகிறது. கணக்கும் சுலபமானது. இந்தச் செறிவில் ஒரு மில்லிலீற்றர் ஈ.டீ.ரீ.ஏ., கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் சரியாக ஒரு மில்லிகிராம் வன்மைக்குச் சமன். 50 மில்லிலீற்றர் தண்ணீரில் 12.5 மில்லிகிராம் என்றால் லீற்றருக்கு 250.

இந்தச் சிறிய சோதனைக்குப் பின்னால் இருநூறு ஆண்டு இரசாயனம் நிற்கிறது. உலோக அயன்களைப் பிடிப்பது, பிடித்ததை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது, பிரித்ததை எண்ணுவது ஆகிய மூன்றையும் மனிதர் கற்றுக்கொண்ட கதை அது. அந்தக் கதை இரண்டு இடங்களில் இந்த மாவட்டத்தையும் இந்தத் தீவையும் தொட்டுச் செல்கிறது.

திருகோணமலை நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் வீட்டுக் கிணறுகளை யாரும் மூடிவிடவில்லை. குளிக்க, உடுப்புத் தோய்க்க, குழாய் நின்ற நாளில் உலை வைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான். கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிப்பதும், சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காமல் தலைமயிர் பிசுபிசுப்பதும், பருப்பு அவிய அதிக நேரம் எடுப்பதும் தண்ணீரில் கல்சியமும் மகனீசியமும் கூடுதலாக இருப்பதன் அடையாளங்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறைகளிலிருந்து இவ்விரு உலோகங்களையும் கரைத்தெடுக்கிறது. உலர் வலயத்தில் மழை ஒரு பருவத்தில் கொட்டி, பிறகு மாதக்கணக்கில் வெயில் காய்வதால் நிலத்தடி நீரில் கரைந்தவை செறிந்துபோகின்றன. கேத்திலில் நடப்பது இதற்கு நேர் எதிரான மாற்றம். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுவதால், கரைந்திருந்த கல்சியம் திரும்பவும் காபனேற்றாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நாக்கை நம்பி இதை அளக்க முடியாது. சவர்த் தண்ணி என்று ஊரில் ஒதுக்குவது பெரும்பாலும் சோடியமும் குளோரைட்டும் கூடிய தண்ணீரை. கல்சியம் மிகுந்த தண்ணீர் சுவையாகவே இருக்கக்கூடும். நல்ல தண்ணி என்று பேர்பெற்ற கிணற்றில் வன்மை வரம்பைத் தாண்டியிருப்பதில் வியப்பில்லை.

வன்மை மட்டும் கூடியிருப்பது பெரும் ஆபத்தல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்சியமும் மகனீசியமும் உடலுக்கு வேண்டியவை. இந்தியத் தரம் லீற்றருக்கு 200 மில்லிகிராமை ஏற்புடையதாகவும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. ஆனால் இலங்கையின் உலர் வலயத்தில் வன்மை பற்றிய பேச்சு கேத்திலோடு நிற்பதில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், விவசாயக் குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுர போன்ற உட்பகுதிகளிலும் நோயாளர் உண்டு. ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் காரணிகளில் வன்னீரும் புளோரைட்டும் சேர்ந்த கிணற்று நீர் ஒன்று. வெயிலில் உடல் வறள்வதும் விவசாய இரசாயனங்களும் மற்றவை. விவாதம் முடியவில்லை. முடிவு எதுவானாலும், கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற எண் கையில் இல்லாமல் அந்த விவாதத்தில் ஓரடி கூட நகர முடியாது.

அந்த எண்ணைத் தேடும் வேலை சவர்க்காரத்தில் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் அபர்தீன் நகர இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கிளார்க் 1840களில் சவர்க்காரக் கரைசலைக் கொண்டே வன்மையை அளந்தார். ஒரு போத்தல் தண்ணீரில் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்குவார். கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாக விழுந்துகொண்டே இருக்கும். அவை தீர்ந்த பிறகே நுரை நிலைக்கும். நுரை நிலைக்க எவ்வளவு கரைசல் தேவைப்பட்டதோ அதுவே தண்ணீரின் வன்மை. கிணற்றடியில் குளிப்பவர் அன்றாடம் காண்பதை ஒரு விஞ்ஞானி எண்ணாக மாற்றினார். நூறாண்டு காலம் உலகம் இப்படித்தான் தண்ணீரை அளந்தது.

அதை மாற்றிய ஈ.டீ.ரீ.ஏ. துணிச் சாயத் தொழிலுக்காகப் பிறந்த பொருள். சாயத் தொட்டியில் வன்னீர் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் படியும். கல்சியத்தைப் பிடித்து ஒதுக்கிவைக்க ஒரு பொருள் வேண்டுமென்று ஜேர்மனியின் ஐ.ஜி. பார்பென் நிறுவனத்தில் வேலை செய்த பேர்டினான்ட் முன்ஸ் 1935 இல் அதைத் தொகுத்தார். அந்த மூலக்கூறுக்கு உலோகத்தைப் பற்றக்கூடிய இடங்கள் ஆறு: இரண்டு நைதரசன், நான்கு ஒட்சிசன். நண்டு இரண்டு கொடுக்காலும் இரையை இறுக்குவதைப் போல, இது ஆறு பக்கத்திலிருந்தும் அயனைச் சுற்றிக்கொள்கிறது. ஓர் உலோக அயனுக்கு ஒரு மூலக்கூறு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணுவதற்கு இதைவிட வசதியான விகிதம் கிடையாது. சூரிச் பல்கலைக்கழகத்தின் ஜெரோல்ட் ஷ்வார்சன்பாக் இதை உணர்ந்து, 1945 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஈ.டீ.ரீ.ஏ.யை ஓர் அளவுகோலாக மாற்றினார். இலங்கைப் பாடநூல் நியமிப்பு என்றும் தமிழகப் பாடநூல் தரம்பார்த்தல் என்றும் சொல்லும் முறைக்கு அவர் ஒரு புதிய கிளையைத் திறந்துவிட்டார்.

சிக்கல் ஒன்று இருந்தது. கல்சியமும் நிறமற்றது, மகனீசியமும் நிறமற்றது, ஈ.டீ.ரீ.ஏ.யும் நிறமற்றது. எண்ணி முடித்த கணத்தை எதைப் பார்த்து அறிவது? 1948 இல் ஷ்வார்சன்பாக்கும் அவரோடு வேலை செய்த பீடர்மானும் காட்டிய விடையும் சாயப் பட்டறையிலிருந்தே வந்தது. எரியோகுரோம் பிளாக் ரீ என்பது கம்பளிக்கு ஊட்டும் கறுப்புச் சாயம். அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் அது மகனீசியத்தைப் பற்றிக்கொண்டு திராட்சைமதுச் சிவப்பாக மாறும். மகனீசியம் இல்லாதபோது நீலமாக இருக்கும்.

குடுவைக்குள் நடப்பதைக் கிட்டே நின்று பார்க்கலாம். முதலில் அமோனியாவும் அமோனியம் குளோரைட்டும் கலந்த தாங்கல் கரைசல் ஒன்றிரண்டு மில்லிலீற்றர். மூக்கைத் துளைக்கும் நெடியோடு அது தண்ணீரின் பீ.எச். பெறுமானத்தை 10 இல் நிறுத்துகிறது. அடுத்து, முடிவைக் காட்டும் காட்டியாக அந்தக் கறுப்புச் சாயம் ஒரு சிட்டிகை. தண்ணீர் சிவக்கிறது. அளவியைத் திறந்ததும் இறங்கும் ஈ.டீ.ரீ.ஏ. முதலில் கல்சியத்தைத்தான் பிடிக்கிறது, கல்சியத்தோடு அதற்குப் பிணைப்பு மகனீசியத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையானது என்பதால். கல்சியம் முடிந்தபின் சுயேச்சையாகத் திரியும் மகனீசியம் பிடிபடுகிறது. வெளியே நிறத்தில் மாற்றமே தெரியாது. கடைசியாக, சாயத்தின் பிடியிலிருக்கும் மகனீசியத்தையும் ஈ.டீ.ரீ.ஏ. பறிக்கும்போதுதான் சிவப்பு ஊதாவாகிறது. இன்னும் ஒரு துளியில் ஊதா மறைந்து தெளிந்த நீலம். ஊதாவில் நிறுத்தியவர் குறைத்து அளந்தவர். நீலத்துக்குப் பிறகும் விட்டவர் கூட்டி அளந்தவர். நடுவே இருப்பது ஒரு துளி, ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு. 50 மில்லிலீற்றர் மாதிரியில் அந்த ஒரு துளித் தவறு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்தான். இவ்வளவு மலிவான சாதனங்களுக்கு இது அபாரமான நுட்பம்.

இதே தண்ணீரில் கல்சியத்தை மட்டும் தனியே அறிய இன்னொரு 50 மில்லிலீற்றரை எடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்து பீ.எச். பெறுமானத்தை 12க்கு மேலே ஏற்றுவார்கள். மகனீசியம் ஐதரொட்சைட்டாக வீழ்ந்து ஒதுங்கிவிடும். மியூரெக்சைட்டு போன்ற வேறொரு காட்டியைக் கொண்டு கல்சியத்தை எண்ணி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் மகனீசியம் கிடைக்கும். மாவட்டத்தின் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களில் சுண்ணாம்பின் அளவை அறிய இரசாயனவியலாளர் காலம்காலமாகப் பயன்படுத்துவதும் இந்த நியமிப்பைத்தான்.

ஈ.டீ.ரீ.ஏ.யின் பலமே அதன் பலவீனமும். அது ஏறத்தாழ எந்த உலோகத்தையும் விடாது. கல்சியத்தைவிட நாகத்தை இலட்சம் மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். நிக்கல், செம்பு, இரும்பு, தோரியம் எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாகப் பற்றும். கலவையாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அந்த எண் பொய்யல்ல. ஆனால் எதன் எண் என்று தெரியாதபோது அதற்குப் பயனில்லை. ஆகவே அளப்பதற்கு முன் பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் வழி வயலில் கிடந்தது. 1850 இல் இங்கிலாந்தில் எச். எஸ். தொம்சன் என்ற விவசாயியும், ஜோன் தோமஸ் வே என்ற விவசாய இரசாயனவியலாளரும் தனித்தனியே ஒன்றைச் சொன்னார்கள். உரமாகப் பயன்படும் அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண் நிரப்பிய குழாயின் மேல் ஊற்றினால் கீழே கல்சியம் சல்பேற்று வருகிறது. அமோனியத்தை மண் வாங்கிவைத்துக்கொண்டு அதற்கு ஈடாகக் கல்சியத்தைக் கொடுத்துவிடுகிறது. களிமண்ணின் துகள்கள் மறையேற்றம் கொண்டவை. அந்த ஏற்றத்தைச் சமன்செய்ய நேரேற்ற அயன்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எந்த அயன் என்பதில்தான் மாற்றம் நடக்கிறது. கந்தளாயின் நெல்வயலில் இட்ட பசளை முதல் மழையோடு கழுவுண்டு போகாமல் ஓரளவு தங்குவதும் இதனால்தான்.

மண்ணை நம்பிய தொழிலை ஆய்வுகூடத் தொழிலாக்கியது செயற்கைப் பிசின். 1935 இல் இங்கிலாந்தின் ரெடிங்டன் ஆய்வுகூடத்தில் அடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்த பிசின்கள் அயன்களை மாற்றிக்கொள்ளும் என்று காட்டினர். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் டி'அலேலியோ உருவாக்கிய பொலிஸ்டைரீன் பிசின்தான் இன்றுவரை உலகெங்கும் புழங்குகிறது. கடுகளவு பொன்னிற மணிகள். ஒவ்வொரு மணியின் உள்ளும் சல்போனிக் தொகுதிகள் மறையேற்றத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு சோடியம் ஒட்டியிருக்கும் நிலையில் வன்னீரை ஊற்றினால் ஒரு கல்சியம் உள்ளே போக இரண்டு சோடியம் வெளியே வரும். இரட்டை ஏற்றமுள்ள அயனைப் பிசின் அதிகம் விரும்புகிறது. மணிகள் நிறைந்துவிட்டால் செறிந்த உப்புக் கரைசலை ஓடவிட வேண்டும். சோடியத்தின் எண்ணிக்கை பெருகும்போது விருப்பம் தோற்று, கல்சியம் வெளியேறிவிடும்; பிசின் பழையபடி ஆகிவிடும். விடுதிகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கும் நீர் மென்மையாக்கி இயந்திரத்துக்குள் நடப்பது இவ்வளவுதான். இப்படி மென்மையாக்கிய தண்ணீரில் சோடியம் கூடுகிறது என்பதை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிசினும் நியமிப்பும் ஒன்றையொன்று தாங்கும் ஓர் அழகான சோதனை உண்டு. சோடியத்துக்குப் பதிலாக ஐதரசன் அயன் ஏற்றிய பிசினை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கிணற்று நீரை மெதுவாக ஓடவிட வேண்டும். கல்சியம், மகனீசியம், சோடியம், பொற்றாசியம் எல்லாம் உள்ளே தங்கி, அவற்றின் ஏற்றத்துக்குச் சமமான அமிலம் கீழே சொட்டும். அதைச் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமித்தால் தண்ணீரில் குளோரைட்டு, சல்பேற்று, நைத்திரேற்று ஆகியவற்றோடு சேர்ந்திருந்த நேரேற்ற அயன்களின் மொத்தத் தொகை தெரியும். இருகாபனேற்றோடு சேர்ந்திருந்த பங்கு இதில் அகப்படாது. அந்த அமிலம் இருகாபனேற்றைக் காபனீரொட்சைட்டாக்கி வெளியேற்றுவதில் செலவாகிவிடும். அதைத் தண்ணீரின் காரத்தன்மையை அமிலத்தால் நியமித்துத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லாமல், கிணற்றில் கரைந்த உப்பின் முழுக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

உலோகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் வித்தை இன்னும் கூரியது. நாகமும் மகனீசியமும் கலந்த கரைசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டும் இரட்டை நேரேற்றம் கொண்டவை. ஈ.டீ.ரீ.ஏ. இரண்டையும் சேர்த்தே எண்ணும். கரைசலில் 2 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம் இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. நாகம் குளோரைட்டு அயன்களைச் சூட்டிக்கொண்டு மறையேற்றம் உள்ள சிக்கல் அயனாகிவிடும். மகனீசியத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. மறையேற்ற அயன்களைப் பிடிக்கும் அன்னயன் பரிமாற்றுப் பிசினில் ஊற்றினால் மகனீசியம் நேரே கீழே போய்விடும். நாகம் மேலே சிக்கிக்கொள்ளும். மகனீசியம் முழுவதும் இறங்கியபின் அமிலத்தை நிறுத்தி வெறும் நீரையும், தொடர்ந்து 0.25 மோலர் நைத்திரிக் அமிலத்தையும் விட்டால் நாகம் குளோரைட்டைக் கழற்றிப்போட்டு இறங்கிவருகிறது. இரண்டு குடுவை, இரண்டு நியமிப்பு, இரண்டு எண். பகுப்பாய்வு இரசாயனம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் உலகெங்கும் செய்யும் பயிற்சி இது.

1953 இல் அமெரிக்காவின் ஓக் றிஜ் ஆய்வுகூடத்தில் கிரௌஸும் மூரும் இதே வழியை ஆறு உலோகங்களுக்கு நீட்டினர். நிக்கல், மங்கனீசு, கோபாற்று, செம்பு, இரும்பு, நாகம் ஆறையும் 12 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பிசின் குழாயில் விட்டார்கள். நிக்கல் தங்கவே இல்லை. அமிலத்தை 6 மோலருக்கு இறக்கியதும் மங்கனீசு, 4 இல் கோபாற்று, 2.5 இல் செம்பு, 0.5 இல் இரும்பு, கடைசியாக 0.005 மோலரில் நாகம். மாற்றியது அமிலத்தின் செறிவை மட்டுமே. ஒவ்வோர் உலோகமும் குளோரைட்டை எவ்வளவு ஆசையோடு பற்றுகிறதோ, அந்த வரிசையில் வெளியே வந்தது.

பிரிக்க வேண்டிய உலோகங்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் புல்மோட்டை. அங்குள்ள கரையின் கறுத்த மணல் உலகின் செறிவு மிக்க கனிம மணற் படிவுகளில் ஒன்று. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைற்று. ரூற்றைலும் சேர்கோனும் தலா 8 முதல் 10 சதவீதம். மொனசைற்று ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 1957 இல் நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனத்தின் வழிவந்த லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம் இன்று அதைத் தோண்டுகிறது. அங்கே நடக்கும் பிரிப்பு காந்தத்தாலும் மின்புலத்தாலும் எடை வேறுபாட்டாலும் நடப்பது. மணியிலிருந்து மணியைப் பிரிக்க அது போதும். மொனசைற்று மணிக்குள்ளே இருப்பதைப் பிரிக்கப் போதாது. அந்த மணி சீரியம், லந்தனம், நியோடிமியம் முதலான அருமண் உலோகங்களும் தோரியமும் சேர்ந்த பொஸ்பேற்று. மின்மோட்டார்க் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் அதற்குள்தான் அடைபட்டிருக்கிறது.

தோரியத்தில் இலங்கைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பிற்காலத்தில் கலை வரலாற்றாசிரியராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இளமையில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் பணிப்பாளராக இருந்தார். பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கனத்த கருங்கனச்சதுரக் கற்கள் அவர் கவனத்தை ஈர்த்தன. 1904 இல் இலண்டனில் பகுத்துப் பார்த்தபோது அது தோரியம் ஒட்சைட்டைப் பெரும்பங்காகக் கொண்ட புதிய கனிமம் என்று தெரிந்தது. அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே, இலண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயிடம் வேலை பழகிக்கொண்டிருந்த ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர், இலங்கையிலிருந்து போன தோரியனைற்றைப் பிரித்துக்கொண்டிருக்கையில் புதிய கதிரியக்கப் பொருளொன்றைக் கண்டார். அதை ரேடியோதோரியம் என்றார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவரின் முதற் கண்டுபிடிப்பு அது. அதற்குப் பின் பலர் முயன்றும் ரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. ஒரே மூலகத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் உண்டு, அவற்றுக்கு இரசாயனம் ஒன்றே என்ற சமதானிக் கருத்து பிறந்த பாதையில் இந்தத் தோல்வி ஒரு முக்கியமான படி. பிசினும் ஈ.டீ.ரீ.ஏ.யும் அயனின் ஏற்றத்தையும் பருமனையும் பார்த்துத்தான் வேறுபாடு காட்டும். அவை ஒன்றேயாக இருக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

அருமண் உலோகங்களில் வேறுபாடு இருக்கிறது, ஆனால் மயிரிழை அளவு. எல்லாமே மும்மடி ஏற்றம். லந்தனத்திலிருந்து லுற்றீசியம் வரை அயனின் ஆரை மொத்தமாகவே ஆறில் ஒரு பங்குதான் சுருங்குகிறது. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே நூற்றில் ஒரு பங்களவு. பழைய வழி திரும்பத் திரும்பப் பளிங்காக்குவது. அமெரிக்காவில் வேலை செய்த சார்ள்ஸ் ஜேம்ஸ் 1911 இல் தூய தூலியத்தைப் பெற ஏறத்தாழ 15,000 தடவை பளிங்காக்கினார்.

அந்த உழைப்பைப் பிசின் குழாய் முடிவுக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின் அணுகுண்டுத் திட்டத்தில் ஈடுபட்டிருந்த ஓக் றிஜ் ஆய்வாளர்களும், ஐயோவாவின் ஏம்ஸில் பிராங்க் ஸ்பெடிங் குழுவினரும் அருமண் அயன்களைப் பிசினில் ஏற்றி, சித்திரிக் அமிலக் கரைசலால் இறக்கினார்கள். ஓக் றிஜ்ஜில் மரின்ஸ்கி, கிளெண்டனின், கோரியெல் மூவரும் 1945 இல் இப்படித்தான் ஆவர்த்தன அட்டவணையில் வெறுமையாயிருந்த 61ஆம் மூலகத்தைப் பிடித்தார்கள். அது இன்று புரோமிதியம். 1950களில் ஸ்பெடிங் சித்திரிக் அமிலத்தை விட்டுவிட்டு ஈ.டீ.ரீ.ஏ.க்கு மாறினார். கிணற்று வன்மையை அளக்கும் அதே பொருள். அயன் சிறுத்தால் ஈ.டீ.ரீ.ஏ.யின் பிடி இறுகும். லுற்றீசியத்தை லந்தனத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுகப் பற்றும். குழாயில் மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் அயனும் பிசினுக்கும் ஈ.டீ.ரீ.ஏ.க்கும் இடையே ஆயிரக்கணக்கான தடவை கைமாறுகிறது. ஜேம்ஸ் கையால் செய்த பளிங்காக்கலைக் குழாய் தானாகச் செய்கிறது. லுற்றீசியம் முதலில் வெளியேறும், லந்தனம் கடைசியில்.

பிசினின் நுட்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1955 இல் பேர்க்கிலியில் நடந்தது ஓர் எல்லை. கியோர்சோ, சீபோர்க் குழுவினர் 101ஆம் மூலகமான மெண்டலீவியத்தை உண்டாக்கி, பிசின் குழாயிலிருந்து அது எந்தத் துளியில் இறங்க வேண்டுமென்று முன்கூட்டியே கணித்து, அந்தத் துளியில் கண்டார்கள். மொத்தம் 17 அணுக்கள்.

இந்தியாவில் 1950 இல் தொடங்கிய இந்தியன் ரெயர் எர்த்ஸ் நிறுவனம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலையும் கேரளக் கரையின் மணலையும் எடுத்து, ஆலுவாவில் 1952 முதல் மொனசைற்றை இரசாயன முறையில் பிரித்துவந்தது. இலங்கையின் கரையில் அதே கனிமம் கிடந்தும் புல்மோட்டை மணல் இன்றும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் கழிவைக் கையாளும் பொறுப்பு சாதாரணமானதல்ல. அதைக் காட்டி அறிவையே ஒதுக்கிவிடக் கூடாது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. உள்ளூர் மணலின் இரசாயனத்தை உள்ளூர் மாணவர் கற்றுத் தேர்வது, எந்த முதலீட்டுக்கும் முன்னே நடக்க வேண்டிய வேலை.

கிணறுகளைப் பொறுத்தவரை அப்படிக் கற்றுத் தேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அளவியைத் திறந்து மூடக் கற்கிறார். ஆசிரியர் தயாரித்துவைத்த கரைசலை மட்டும் நியமித்துவிட்டு வீட்டுக்குப் போகும் மாணவர், அடுத்த தடவை தன் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரட்டும். சுத்தமான போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாளியில் மேலே மிதக்கும் தூசியைத் தவிர்த்து நிரப்பி, இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்ட வேண்டும். வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன் செப்ரெம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் பெப்ரவரியில் ஒரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரே கிணற்றின் வன்மை இரண்டு பருவத்திலும் ஒன்றாக இராது. பாலையூற்று, கன்னியா, நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று பாடசாலைக்குப் பாடசாலை இந்த எண்களைச் சேர்த்தால் இரண்டு மூன்று ஆண்டில் மாவட்டத்தின் வன்னீர் வரைபடம் தயாராகிவிடும். வரம்பைத் தாண்டிய கிணறுகளைப் புளோரைட்டுக்கும் சேர்த்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். திருகோணமலையின் இரசாயனவியல் ஆசிரியர்கள் இதை அடுத்த தவணையிலேயே தொடங்க வேண்டும்.